மில்லிக்கன் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டீல்ஸ் தெருவின் இரு கரையிலும் கடை, கேட்டரிங், அச்சகம், பேக்கரி, லொறிக் கம்பெனி என்று ஏதோவொரு தொழில் நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே,

உங்களில் சிலருடைய சம்பளக் கணக்கை எழுதுபவள் நான். மாசி மாதத்தில் வியாபாரம் படுத்துக் கிடக்க, வாடகை மட்டும் குறையாமல் போவதை உங்கள் கணக்கில் நானும் பார்க்கிறேன். உங்களோடு சண்டைக்கு வர இதை எழுதவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "பாப்பம் அக்கா" என்ற பதிலோடு அது முடிந்துபோகிறது. அதனால் இப்போது எல்லோருக்கும் ஒன்றாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு ஒரே மாதிரி அழைப்பு வரும். "அக்கா, அந்தப் பெடியனை நிப்பாட்டிப் போட்டன். ஆர்.ஓ.இ. அடிச்சு விடுங்கோ. 'ஈ' எண்டு போடுங்கோ." ஆர்.ஓ.இ. என்ற வேலைப் பதிவுப் படிவத்தில் 'ஈ' என்றால் ஊழியர் தானாக விலகினார் என்று பொருள். நீங்கள் நிறுத்தியிருந்தால் அது 'எம்'. வேலை குறைந்ததால் அனுப்பியிருந்தால் 'ஏ'. தக்க காரணமில்லாமல் தானாக விலகியவருக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்காது. நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் அந்த ஓர் எழுத்து ஒரு குடும்பத்தின் அடுத்த சில மாதத்து அரிசி, பருப்பு. பொய்யென்று தெரிந்தே அதைப் போடுவது குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"என்ன நடந்தது?" என்று கேட்டால் நீங்கள் தாராளமாகச் சொல்வீர்கள். வாய் காட்டினான், பிந்தி வந்தான், சாமானை உடைத்தான். "அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் உங்களிடம் பதில் இருப்பதில்லை. அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. என் மனத்தாங்கலின் மூலம் இதுதான்.

உங்களில் விபரம் தெரிந்தவர்கள் உடனே சொல்வீர்கள்: "ஒன்ராறியோச் சட்டம் விசாரணை வைக்கச் சொல்லேல்லையே." உண்மை. தொழிற்சங்கம் இல்லாத இடத்தில், உரிய முன்னறிவித்தலோ அதற்கான சம்பளமோ கொடுத்தால், பெரும்பாலும் காரணம் சொல்லாமலே ஒருவரை நிறுத்தலாம். குற்றப் பத்திரம் கொடு, விளக்கம் கேள், விசாரணை நடத்து என்று பொதுவான ஒழுக்காற்று நடைமுறை எதையும் மாகாணச் சட்டம் விதிக்கவில்லை. தொழிற்சங்கம் உள்ள இடத்தில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்திலும், வேலைநிறுத்தமில்லாமல் பிணக்கைத் தீர்க்கும் இறுதி நடுவர் விசாரணைக்கு இடம் இருந்தே ஆகவேண்டும். உங்கள் யூனிட்களில் தொழிற்சங்கம் இல்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் எந்த மண்ணிலிருந்து வந்தோம் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. நியாயமில்லை என்று நினைப்பவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். தமிழ்நாட்டு ஆலைகளில் 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் வந்த காலத்திலிருந்தே, குற்றச்சாட்டுக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்பைக் கொடுக்காமல் தண்டிக்க முடியாது என்பது தொழிலாளி வாயில் புழங்கும் பேச்சு. லண்டனில் இருக்கும் உங்கள் தம்பி கடை நடத்தினால், ஏகாஸ் அமைப்பின் ஒழுக்காற்று நடைமுறைக் கோவையை நியாயமின்றி மீறியதற்காக மட்டும் தீர்ப்பாயம் நட்டஈட்டை 25 வீதம் வரை கூட்டலாம். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தபோது, விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு கிழமை அவகாசம் கேட்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்த ஒரு கிழமை உங்களுக்கு உரிமை. இன்று உங்களிடம் வேலை செய்பவருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

உங்களில் எல்லாரும் மாகாணச் சட்டத்துக்குள் வருகிறவர்களும் அல்ல. மாகாண எல்லை தாண்டியோ அமெரிக்காவுக்கோ லொறி ஓட்டும் கம்பெனி நடத்துகிறவர்களே, உங்களுக்குப் பொருந்துவது கனடிய மத்திய தொழில் சட்டம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த சாரதி, நிறுத்தப்பட்ட 90 நாட்களுக்குள் நியாயமற்ற பணிநீக்கம் என்று முறைப்பாடு செய்யலாம்; வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படிகூட உத்தரவு வரலாம். காரணமில்லாமல், காசைக் கொடுத்து மட்டும் அனுப்பிவிட முடியாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வில்சன் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. "டிரக் கம்பெனியும் கடை மாதிரித்தானே" என்று இருப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டுதரம் வாசியுங்கள்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். சட்டம் விசாரணை கேட்கவில்லை என்பது உங்களுக்கு லாபமா? நான் பார்த்த வரையில் இல்லை. மூன்று மாதம் வேலை செய்தவருக்கு ஒரு கிழமைச் சம்பளம், ஒரு வருடம் தாண்டினால் இரண்டு கிழமை, பிறகு வருடக் கணக்கில் ஏறி எட்டு வருடத்தில் எட்டுக் கிழமை. இது வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டத்தின் அடிமட்டம் மட்டுமே. சரியான ஒப்பந்தம் எழுதி வைக்காதவர்களை, உங்களில் பெரும்பாலோரை, நீதிமன்றம் 1960ஆம் ஆண்டு பார்டல் வழக்கில் வகுத்த அளவுகோலால் அளக்கும்: ஊழியரின் வயது, சேவைக் காலம், வேலையின் தன்மை, அதேபோல் வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு. ஐம்பத்தைந்து வயதில், இருபது வருடம் உங்கள் சமையலறையில் நின்ற ஒருவருக்கு எட்டுக் கிழமையோடு கணக்கு முடியாது.

"அவன் பிழை விட்டவன், ஒரு சதமும் குடுக்க மாட்டன்" என்பீர்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் வேண்டுமென்றே, தெரிந்துகொண்டே, அற்பமல்லாத பிழை ஒன்றைச் செய்தார் என்றும், அதை முன்னர் நீங்கள் கண்டும் காணாமல் விடவில்லை என்றும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். எவ்வளவு கடினம் என்பதற்கு 2022இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ரெண்டர் வழக்கைப் பாருங்கள். முப்பது வருடம் வேலை செய்த மேலாளர் ஒருவர் கூட வேலை செய்த பெண்ணின் பின்புறத்தில் தட்டினார். அவரை நிறுத்தியது சரி என்றது நீதிமன்றம். ஆனாலும் சட்டம் சொல்லும் அந்த உயர்ந்த அளவுக்குத் திட்டமிட்ட செயலாக அதைக் கொள்ள முடியாது என்று எட்டுக் கிழமைச் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னது. அப்படியிருக்க, நாலு தரம் பிந்தி வந்தவரை, ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இல்லாமல், வெறுங்கையோடு அனுப்பிவிட்டு எந்தத் தாளைக் காட்டப் போகிறீர்கள்? குற்றத்துக்கேற்ற தண்டனையா என்று சூழ்நிலை முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது 2001இல் மக்கின்லி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்காத உங்களுக்குச் சூழ்நிலை முழுவதும் எப்படித் தெரியும்?

இன்னொன்று. தண்டனை என்ற பெயரில் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கல்லாவில் நாற்பது டொலர் குறைந்தது என்று, பலர் கை வைக்கும் கல்லாவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி வெட்டக் கூடாது. கேக் கருகியது என்று வெட்டக் கூடாது. அவரே கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் கூடாது. கடைசிச் சம்பளத்தை "சாவி தந்தால் தருவன்" என்று பிடித்து வைக்கவும் முடியாது. வேலை முடிந்து ஏழு நாளைக்குள், அல்லது அடுத்த சம்பள நாளில், எது பிந்தியதோ அதற்குள் கொடுத்தாக வேண்டும். கைக்காசுக்கு வேலை செய்கிறவரும், படிக்க வந்த பிள்ளையும் வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டத்துக்குள்தான்.

இதுவரை சொன்னது காசு. இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

ஒழுக்காற்று விசாரணையை விருப்பத்துக்கு விட்ட அதே ஒன்ராறியோ, வேலைத்தலத் துன்புறுத்தல் பற்றிய முறைப்பாட்டை உங்கள் விருப்பத்துக்கு விடவில்லை. அதற்குப் பின்னால் இரத்தம் இருக்கிறது. 1996இல் சாத்தம் நகரத்து சியர்ஸ் கடையில் வேலை செய்த தெரேசா வின்ஸ், தன்னைத் தொடர்ந்து தொந்தரவு செய்த மேலாளர் பற்றி முறையிட்டிருந்தார். அந்த மேலாளரே கடைக்குள் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார். 2005இல் வின்சரில் லோரி டுபோன் என்ற தாதி, தான் வேலை செய்த மருத்துவமனைக்குள்ளேயே, கூட வேலை செய்த வைத்தியரால் கொல்லப்பட்டார். ஆபத்து இருப்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதன் பிறகுதான் 2010 யூனில் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்துக்குள் வன்முறையும் துன்புறுத்தலும் வந்தன. 2016 செப்ரெம்பரில் விசாரணை கட்டாயமானது. முறைப்பாடு வந்தால், அல்லது முறைப்பாடு இல்லாமலே விஷயம் உங்கள் காதில் விழுந்தால், சூழலுக்கேற்ற விசாரணை நடத்த வேண்டும். முடிவையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் இரு தரப்புக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொழில் அமைச்சின் நடைமுறைக் கோவை விசாரணைக்கு 90 நாள், முடிவை அறிவிக்க 10 நாள் என்கிறது.

ஆறாவது ஆளை நீங்கள் வேலைக்கு எடுத்த நாளிலிருந்து வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான உங்கள் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும், சுவரில் ஒட்டப்பட்டோ எல்லோரும் எளிதில் பார்க்கக்கூடிய மின்வடிவிலோ இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருதரமாவது திருப்பிப் பார்க்கப்பட வேண்டும். உங்கள் சுவர்களில் சாமிப் படம் இருக்கிறது, லொத்தர் லைசென்ஸ் இருக்கிறது, சங்கத்துக் கலண்டர் இருக்கிறது. இந்தத் தாளை அதிகம் இடங்களில் நான் காணவில்லை.

அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரி உண்டு: தொந்தரவு செய்வதே முதலாளி அல்லது சுப்பர்வைசர் என்றால் யாரிடம் முறையிடுவது? மில்லிக்கனில் நம்முடைய தொழில்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உங்கள் சுப்பர்வைசர் யார்? மச்சான். கணக்குப் பார்ப்பது யார்? மனிசி. ஆள் எடுப்பது யார்? மூத்த மகன். முறைப்பாட்டோடு ஒரு பெண் எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் ஒரே வீட்டுக்காரர்.

பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கேட்டரிங் சமையலறை. பத்துப் பேருக்கு மேல் வேலை. நேரத்தாள்கள் வந்த உறைக்குள் ஓடர் எழுதும் துண்டு ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. முன்பக்கம் 'ரோல்ஸ் 200, வடை 150'. பின்பக்கம் நீலப் பேனாவால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குண்டு எழுத்தில், ஒரு பெண்ணின் முறைப்பாடு. சுப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் தூசணத்தால் பேசுகிறார், ஃப்ரீசருக்குள் சாமான் எடுக்கப் போனால் பின்னால் வந்து கதவடியில் நிற்கிறார், தயவுசெய்து என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள். கீழே வேறொரு கையெழுத்தில், 'நீங்களே கதைச்சுத் தீருங்கோ'. முதலாளி அந்தத் துண்டை அதே சுப்பர்வைசரிடமே கொடுத்திருக்கிறார்! அடுத்த நேரத்தாளில் அந்தப் பெண்ணின் 44 மணித்தியாலம் 15 ஆகியிருந்தது. அதற்கடுத்ததில் பெயரே இல்லை. ஆர்.ஓ.இ.யில் 'ஈ' போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அந்தக் கணக்கை இப்போது வேறொருவர் எழுதுகிறார்.

முறையிட்டவரின் நேரத்தைக் குறைப்பது பழிவாங்கல். தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வழக்கு ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபைக்குப் போனால், பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். உங்கள் விசாரணை சரியில்லை என்று தொழில் அமைச்சின் பரிசோதகர் கருதினால், வெளியாள் ஒருவரை வைத்து உங்கள் செலவிலேயே விசாரிக்கும்படி உத்தரவிடலாம். இந்தச் சட்டத்தை மீறியதற்கான உச்சத் தண்டம் கம்பெனிக்கு 20 லட்சம் டொலர். அவ்வளவு ஒருநாளும் வராது என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், அதில் நூறில் ஒன்று வந்தால் உங்கள் வருடம் முடிந்தது என்பது உங்கள் கணக்கை எழுதும் எனக்குத் தெரியும்.

நம்மவர் பட்டறைகளில் மட்டும் நடக்கும் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிப் பொய். "நீங்கள் எந்த இடம்? ஊரிலை எந்தப் பக்கம்?" என்று தொடங்கும் அந்த விசாரிப்பு. சாதியை நேரே கேட்காமல் கோயிலையும் குறிச்சியையும் கேட்டு அறிந்துகொள்ளும் கெட்டித்தனம். பிறகு யார் சமைப்பது, யார் கழுவுவது என்பது தானாகப் பிரியும். ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2023 ஒக்ரோபரில் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, சாதிப் பாகுபாடும் இந்த மாகாணத்து மனித உரிமைக் கோவைக்குள் வருகிறது. அதற்கு மூன்று மாதத் தவணை, ஆறு பேர் கணக்கு எதுவும் இல்லை; முதல் நாளிலிருந்தே பொருந்தும். பாதிக்கப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சம்பள பாக்கி என்றால் தொழில் அமைச்சுக்கு இரண்டு வருடம் வரை, கட்டணமில்லாமல். சிறுகோரிக்கை நீதிமன்றத்தின் எல்லையும் 2025 ஒக்ரோபரிலிருந்து 50,000 டொலர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஓடர்த் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி, எங்களுக்கெதுக்கு உந்தப் பேப்பர்?" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஊழியர்களைக் கூப்பிட்டு, கையில் கவரும் கொடுத்து அனுப்புகிறவர் அவர். நல்ல மனிதர். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் மற்றவரை ஒரே சொல்லில் வெளியே அனுப்பலாம் என்றால், மற்றவர் வாய் திறக்க ஒரு வழி இருக்க வேண்டாமா? "அவை ஏஜென்சி ஆக்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்பதும் செல்லாது. உங்கள் கூரைக்குக் கீழ் நிற்கும்வரை அவருடைய பாதுகாப்பு உங்கள் பொறுப்பும்தான். சம்பள பாக்கியிலும் ஏஜென்சியோடு சேர்ந்து நீங்களும் மாட்டுவீர்கள். 2024 யூலையிலிருந்து ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்களுக்கு ஆள் அனுப்புகிறவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா?

ஸ்டீல்ஸுக்குத் தெற்கே இருந்தால் ரொறொன்ரோ, வடக்கே இருந்தால் மார்க்கம். சொத்து வரியும் குப்பை எடுக்கும் நாளும் மாறும். இந்தச் சட்டங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் இரண்டு பக்கத்தாரிடமும் கேட்கிறேன்.

ஒரு தாள் எழுதுங்கள். தமிழில் ஒருபக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம். தமிழும் ஆங்கிலமும் வாசிக்காதவர் உங்களிடம் வேலை செய்தால் அவருடைய மொழியிலும் ஒன்று. பிழை நடந்தால் முதலில் என்ன செய்வீர்கள், எத்தனை எச்சரிக்கை, எழுத்திலா வாயாலா என்று அதில் இருக்கட்டும். யாரையும் நிறுத்த முன் குற்றச்சாட்டைச் சொல்லி, குறைந்தது ஒரு நாள் அவகாசம் கொடுத்து, அவர் விரும்பினால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்பீர்கள் என்றும், கேட்டதை எழுதித் திகதி போட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள். இதைச் சட்டம் உங்களிடம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். கோபத்தில் எடுத்த முடிவு அந்த ஒரு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டால் உங்கள் கையில் ஆதாரமாவது இருக்கும். துன்புறுத்தல் பற்றிய பகுதி மட்டும் உங்கள் விருப்பமல்ல, அதைச் சட்டம் சொன்னபடியே எழுத வேண்டும். மாதிரித் தாள் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் தொழில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் கணக்குக்காரி, வழக்கறிஞர் இல்லை.

அந்தக் கட்டாய வரிக்கு, முறைப்பாட்டை வாங்கும் ஆளுக்கு, குடும்பத்துக்கு வெளியே ஒருவரைத் தேடுங்கள். சின்னத் தொழிலில் அப்படி ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஒரே கட்டடத்தில் சுவரோடு சுவராக யூனிட் வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் ஏன் அந்த ஆளாக இருக்கக் கூடாது? பேக்கரிக்காரியின் ஊழியர் அச்சகக்காரரிடம் முறையிடட்டும், அச்சகத்துப் பிள்ளை பேக்கரிக்காரியிடம் வரட்டும். வாங்குகிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றதை எழுதி, வெளியில் மூச்சு விடாமல், விசாரணை தொடங்கியதா என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். முறைப்பாடு முதலாளி மேலேயே என்றால் விசாரிக்க வெளியாளைப் பிடிக்க வேண்டும். அதற்குக் காசு செலவாகும், அதை ஒளிக்கவில்லை. நீங்கள் பிடிக்கும் அந்த அயலவர் உங்களோடு இருந்து குடிக்கிறவர், ஊரெல்லாம் கதை காவுகிறவர் என்றால் வேண்டாம். உங்கள் ஊழியர்களிடமே கேளுங்கள், யாரை நம்புவீர்கள் என்று.

கோடைக்குப் பள்ளிப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கத் தொடங்க முன் இது நடக்க வேண்டும். பக்கத்து யூனிட்காரரோடு இந்தக் கிழமையே கதையுங்கள்.

உங்கள் கணக்கை எழுதும்,
மில்லிக்கன்வாசி